கம்பியில் கோத்த கடிதங்களும் எழுத்து மாறிய பெயர்களும்

1909இல் மதராஸ் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட கொச்சி இனங்கள், சாதிகள் பற்றிய ஆங்கில நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் என்றிருக்கும். அந்த ‘ஐயர்’ ஆங்கிலத்தில் ஐ, ஒய், இ, ஆர் என்று நான்கு எழுத்து. 1926இல் அவரே கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதிய நூலில் அந்தச் சொல் ஏ, ஒய், ஒய், ஏ, ஆர் என்று ஐந்தெழுத்தாகிவிட்டது. ஆள் ஒருவர்தான், ஊரும் ஒன்றுதான். ஆனாலும் நூலகத்தில் ஒரு வடிவத்தை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு அவருடைய நூல்களில் பாதி அகப்படாமல் போகலாம்.

1861இல் பிறந்த அனந்தகிருஷ்ண ஐயர், இந்திய மானுடவியலின் முன்னோடிகளில் ஒருவர். கொச்சி சமஸ்தானத்துக்காக மலைகளிலும் வயல்வெளிகளிலும் நடந்து மக்களின் வழக்கங்களைக் குறித்துவைத்தவர். பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்தவர். அவர் பெயரின் முதல் எழுத்தான ‘எல்’ பாலக்காட்டில் உள்ள லட்சுமிநாராயணபுரம் கிராமத்தைக் குறிக்கும். பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்கள் அக்ரகாரத்தைக் ‘கிராமம்’ என்றே சொல்வார்கள். ‘கே’ அப்பா கிருஷ்ண ஐயர்.

அவருடைய மகனும் மானுடவியலாளர். 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாக வந்த திருவிதாங்கூர் பழங்குடிகள், சாதிகள் பற்றிய நூலில் இன்றைய இடுக்கி மலைகளின் முதுவான்களையும் மன்னான்களையும் பதிவு செய்தவர். அவர் பெயர் எல்.ஏ. கிருஷ்ண ஐயர். ஊரின் ‘எல்’ அப்படியே நிற்க, தந்தையின் எழுத்து ‘கே’யிலிருந்து ‘ஏ’யாக மாறியது; தாத்தாவின் பெயர் பேரனுக்கு வந்தது. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் மருவுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று தமிழ் அந்த உறவுக்கே பெயர் வைத்திருக்கிறது.

ஆங்கிலேய அலுவலகம் கேட்ட ‘சர்நேம்’ என்ற ஒன்று இந்த வீடுகளில் இருந்ததில்லை. ஊர், தந்தை, தன் பெயர், சாதிப் பட்டம் என்ற நான்கில் எதைக் கடைசியில் வைப்பது என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு படிவத்தின் முன்னால் புதிதாக முடிவு செய்தது. பழைய கடிதங்களை வைத்துக் குடும்பப் பெயரைத் தேடப் புகுபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

மூன்று அரசு, மூன்று கை

பாலக்காடு 1956 வரை மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சித்தூர். அது கொச்சி மகாராஜாவின் சீமை; கொச்சியின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டுபட்டு, பிரிட்டிஷ் மண்ணுக்கு நடுவே தீவுபோல் கிடந்த தாலுகா. தெற்கே ஆனைமலையைத் தாண்டினால் மறையூர், தேவிகுளம், பீருமேடு. அவை திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. இடுக்கி மாவட்டம் என்ற பெயர் 1972 ஜனவரி 26இல்தான் வந்தது. ஆக, ஒரே குடும்பத்தின் மூன்று கிளைகள் பாலக்காட்டிலும் சித்தூரிலும் தேவிகுளத்திலும் இருந்தால் மூன்று அரசாங்கங்களின் குமாஸ்தாக்கள் அந்தக் குடும்பத்தின் பெயரை எழுதினார்கள்.

தபாலும் ஒன்றாக இல்லை. பிரிட்டிஷ் பகுதியில் இம்பீரியல் தபால். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் சமஸ்தானங்களே நடத்திய ‘அஞ்சல்’. திருவிதாங்கூர் 1888இலும் கொச்சி 1892இலும் தங்கள் சொந்தத் தபால்தலைகளை வெளியிட்டன. 1951இல்தான் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. பழைய உறையில் சங்கு முத்திரை போட்ட தபால்தலை இருந்தால், கடிதம் எந்தச் சீமையில் புறப்பட்டது என்பதை உள்ளே பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

‘ஐயர்’ என்ற ஒரு சொல் இத்தனை வடிவம் எடுத்ததற்கு இந்தக் குமாஸ்தாக்களின் கைகளே காரணம். தமிழில் ‘ஐயர்’ என்றும் எழுதலாம், ‘அய்யர்’ என்றும் எழுதலாம். அகரத்தோடு யகர ஒற்றுச் சேர்ந்தாலும் ஐகார ஒலி வரும் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. மலையாளத்தில் அந்தச் சொல்லை ‘அய்யர்’ என்ற முறையில்தான் எழுதுகிறார்கள். அதை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தால் இரண்டு ‘ஒய்’ வரும். தமிழ் ஐகாரத்தை ‘ஏ, ஐ’ என்று பிரித்தால் இன்னொரு வடிவம் கிடைக்கும். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயரின் பெயர் அப்படித்தான் நிலைத்தது. காதில் விழுந்ததை ஆங்கில ‘ஐ’ எழுத்தால் தொடங்கினால், இன்று மும்பையிலும் டில்லியிலும் பரவலாகக் காணும் நான்கெழுத்து ‘ஐயர்’. மூன்றும் சரியே.

கம்பி காட்டும் வரிசை

அந்தக் காலத்து வீடுகளில் வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். அடியில் ஒரு மரவில்லை, மேலே கொக்கிபோல் வளைந்த முனை. கார்டு வந்ததும் படித்து, நடுவில் துளை விழும்படி கோத்து, உத்தரத்து ஆணியிலோ சுவரிலோ மாட்டிவிடுவார்கள். முதலில் வந்தது அடியில் இருக்கும், கடைசியாக வந்தது மேலே. பெயர் எப்போது மாறியது என்று தேடுபவருக்கு இந்த வரிசையே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். ஆகவே கம்பியிலிருந்து கடிதங்களை உருவுவதற்கு முன்பு, மேலிருந்து கீழாக எண் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் பெயர் இருக்கும். உறையின் மேல் விலாசத்தில் ஊரும் தந்தை எழுத்தும் பட்டமும் சேர்ந்த முழுப்பெயர். உள்ளே ‘சிரஞ்சீவி’ என்று தொடங்கி அம்பி, கிட்டு, மணி என்று வீட்டுப் பெயர். ‘இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்ற வழக்கமான வரிக்குப் பிறகு செய்தி. முடிவில் எழுதியவரின் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த முதல் தலைமுறை அந்தக் கையெழுத்தை ஆங்கிலத்தில் போடத் தொடங்கியது. எழுத்துக்கூட்டல் மாற்றத்தின் முதல் தடயம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு செய்தி மட்டும் கம்பியில் இராது. சாவுக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம், வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். கல்யாணக் கடிதத்துக்கு மஞ்சள் தடவி அனுப்புவார்கள். அது பத்திரமாக இருக்கும். எனவே கடிதக் கட்டில் ஒருவர் பெயர் திடீரென்று நின்றுபோனால், அவர் பெயரை மாற்றிக்கொண்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் திதி எழுதிய நோட்டைப் பார்க்க வேண்டும்.

தேதி இன்னொரு சிக்கல். எல்லைக் கடிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும், சில சமயம் இங்கிலீஷ் தேதியும் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். மூணாறையே அடித்துப்போட்ட பெருவெள்ளத்தை மலையாள மக்கள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பார்கள்; கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. தமிழ்க் கணக்கில் அது ரக்தாக்ஷி ஆண்டு. 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், ‘ரக்தாக்ஷி ஆடி’ என்று மட்டும் எழுதிய கடிதம் 1864ஐச் சேர்ந்ததா, 1924ஐச் சேர்ந்ததா என்ற கேள்வி எழும். அது போஸ்ட் கார்டாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. கால் அணா கார்டு இந்தியாவுக்கு வந்ததே 1879 ஜூலையில்தான்.

எழுத்தும் காலம் சொல்லும். ஓலையிலும் ஓலைப் பழக்கம் விடாத பழைய கைகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது; எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை ஊர்ப்புறத்துக் கைகளுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. ‘கண்ணன் தேவன்’ என்ற பெயரை அந்தக் கையில் எழுதினால் ‘கணணன தெவன’ என்றுதான் கண்ணுக்குத் தெரியும். படிப்பவர் புள்ளியையும் நெடிலையும் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் போடும்போதுதான் ஒரு குமாஸ்தா ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் வாசித்தார்கள்.

அச்சில் வந்த மாற்றம் அண்மைக்காலத்தது. பெரியார் 1935இல் குடிஅரசில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபர் 19 ஆணையால் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. ‘அண்ணாமலை’ என்ற ஒரே பெயரில் ணா, லை இரண்டும் மாறியதால், பழைய கல்யாணப் பத்திரிகையில் அது வேறு முகத்தோடு இருக்கும். மலையாளத்திலும் 1971இல் கூட்டெழுத்துகளைப் பிரித்து எளிமையாக்கினார்கள். இரு பக்கத்துக் காகிதங்களையும் படிப்பவர் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்தால் தேதியில்லாத அச்சுக் காகிதத்தையும் ஓரளவு மட்டிட முடியும்.

அந்த 1978 ஆணையைப் பிறப்பித்த முதல்வரின் பெயருக்கே இப்படி ஒரு வரலாறு உண்டு. எம்.ஜி.ஆரின் தந்தை கோபால மேனன் பாலக்காட்டை அடுத்த வடவன்னூர்ப் பக்கத்தவர். மகன் 1917இல் இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்தார். தமிழ்நாட்டில் அவர் பெயர் மருதூர் கோபாலன் ராமச்சந்திரன்; மேனன் என்ற பட்டம் உதிர்ந்து கோபாலன் மட்டும் எஞ்சியது. தொடக்க காலப் படங்களின் எழுத்தோட்டத்தில் அவர் எம்.ஜி. ராம்சந்தர். அதே காலத்தில் டி.ஆர். ராமச்சந்திரன் என்ற நடிகர் புகழோடு இருந்ததால் இந்த வேறுபாடு என்பார்கள். ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள்ளேயே பெயர் இத்தனை மாறுமானால், நான்கு தலைமுறைக் கடிதங்களில் என்னென்ன மாறியிருக்கும்!

‘அம்’ போய் ‘அன்’ வந்த இடம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரம் தமிழ் பேசும் ஊர்களில் பெயரின் கடைசி எழுத்தைக் கவனித்தால் நாடு எப்போது மாறியது என்பது தெரியும். தமிழில் ஆறுமுகம், சண்முகம், வேலாயுதம், மாணிக்கம், சுந்தரம். மலையாள வழக்கில் ஆறுமுகன், ஷண்முகன், வேலாயுதன், மாணிக்கன், சுந்தரன். தாத்தா ‘அம்’மில் முடிய, பேரன் பள்ளிச் சான்றிதழில் ‘அன்’னில் முடிகிறான். ஆண்பால் பெயர் அன் விகுதியில் முடிவதே மலையாளக் காதுக்கு இயல்பு.

தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவம், மலையாளத்தில் நான்கு. ‘பாக்கியம்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்த பெண்ணின் பெயரை ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதும்போது, வடசொல்லின் மூல ஒலியைப் பார்த்து முதலெழுத்துக்கு அழுத்தமான ‘ப’வைப் போடுவார் எழுத்தர். ஆங்கிலத்தில் அது ‘பி, எச்’ என்று தொடங்கும். அதே பெயருள்ள இன்னொரு பெண் உடுமலைப்பேட்டையில் ‘எச்’ இல்லாத வெறும் ‘பி’யில் தொடங்குவார். ஆறுமுகன் என்பதில் ‘க’வுக்கு ‘ஜி, எச்’ சேர்வதும் அப்படி வந்ததே. தேயிலைத் தோட்டங்களில் கங்காணிகள் கொண்டுவந்த தொழிலாளர்களின் பெயர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறியபோதும் இதுவே நடந்தது. சொன்னவர் திருநெல்வேலிச் சீமைத் தமிழர்; எழுதியவர் வேறு பேச்சுக்காரர்; எழுதிய மொழி ஆங்கிலம்.

கண்ணன் தேவனுக்கு எத்தனை ‘என்’?

இடுக்கி மலையில் ஒரு மனிதரின் பெயர் இப்படி ஊருக்கும் கம்பெனிக்கும் சட்டத்துக்கும் பெயராகி, ஒவ்வொரு இடத்திலும் எழுத்து மாறிக் கிடக்கிறது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு தம்புரான், ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குச் சுமார் 1,36,000 ஏக்கர் மலையைப் பயிர் செய்ய விட்டுக்கொடுத்தார். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய். மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்ளும் அரச குடும்பம் அது. கொடுத்த மலை, அஞ்சுநாட்டை ஒட்டிய கண்ணன் தேவன் மலை. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து தமிழ் ஊர்களின் கூட்டமே அஞ்சுநாடு.

கண்ணன் தேவன் யார்? அஞ்சுநாட்டுத் தலைவர் என்பது ஒரு கதை. மன்றோவுக்கு வழிகாட்டிய முதுவான்கள் கண்ணன் ஒருவர், தேவன் ஒருவர் என்பது இன்னொரு கதை. முதுவான்களும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியதாகச் சொல்பவர்கள். எந்தக் கதையானாலும் பெயர் தமிழ்ப் பெயர்.

பழைய ஆங்கிலக் காகிதங்களில் இந்தப் பெயர் ‘சி’யில் தொடங்கும். 1897இல் ஏற்பட்ட கம்பெனி அதை ‘கே’ ஆக்கி, நடுவில் ஒரே ஒரு ‘என்’ வைத்தது. தேயிலைப் பொட்டலத்திலும், 2005இல் தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கித் தொடங்கிய இன்றைய நிறுவனத்தின் பெயரிலும் அந்த ஒற்றை ‘என்’ இருக்கிறது. கேரள அரசு 1971இல் அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள இயற்றிய சட்டத்தின் தலைப்பில் இரண்டு ‘என்’. ஒற்றை எழுத்தோடு படிக்கும் வெளியூர்க்காரர் அதைக் ‘கானன்’ என்று நீட்டி, வடமொழியில் காட்டைக் குறிக்கும் கானனம் என்று பொருள் சொல்லவும் இடமுண்டு. இரட்டை எழுத்து வந்தால்தான் கண்ணன் திரும்பி வருகிறான்.

இரண்டாம் பாதியில் இழப்பு இன்னும் பெரிது. தமிழ் ‘தே’ ஒன்றே. மதுரைச் சீமையில் ‘தேவன்’ என்றால் வல்லொலியோடு தொடங்கும் பட்டப்பெயர். அங்கே ஆங்கிலத்தில் ‘டி, எச்’ போடுவார்கள். மலையில் எழுதியவர் ‘டி’க்குப் பதில், தேவிகுளத்துக்குப் போடுவதுபோல் மெல்லொலிக்குரிய எழுத்தைப் போட்டார். அந்த ஒரே எழுத்தால், மதுரையிலிருந்து வந்த மனிதரைத் தேடாமல் கடவுளைத் தேடும்படி ஆகிவிட்டது. இன்று தேவிகுளம் தாலுகாவில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குக் கண்ணன் தேவன் மலை என்று பெயர். பட்டா வாங்கப் போகிறவர்கள் அதை மூன்று எழுத்தாகச் சுருக்கிக் ‘கே.டி.எச். வில்லேஜ்’ என்கிறார்கள்.

ஊர் மாறினால் முதலெழுத்தும் ஆடும்

ஊர்ப்பெயரைத் தாங்கும் குடும்பங்களுக்கு ஊரின் எழுத்துக்கூட்டல் மாறுவதும் குடும்பச் செய்திதான். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷனின் ‘டி’ திருநெல்லாயி. அவர் பெயர் விரித்து எழுதப்படும் இடங்களில் அது ‘திருநெல்லை’. பாடகர் எம்.டி. ராமநாதனின் ‘எம்’ மஞ்சப்ரா. பிரிட்டிஷார் பால்காட் என்று எழுதியதை 1990களின் தொடக்கத்தில் கேரளம் பாலக்காடு என்று திருத்தியது. ஆனால் மிருதங்க மேதை மணி ஐயரும் பாடகர் கே.வி. நாராயணஸ்வாமியும் ஆங்கில இசைத்தட்டுகளில் பால்காட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள். ஊர் கழற்றிவிட்ட சட்டையைப் பெயர் இன்னும் போட்டிருக்கிறது.

தமிழ்நாடு 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கொடுத்த புது வடிவங்களைப் பார்த்து எழுந்த விமர்சனத்தில், சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலியை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் தமிழ்ப் பேச்சாளர்களுக்குள்ளேயே இன்றுவரை உடன்பாடு இல்லை. நூறாண்டுக்கு முந்தைய குமாஸ்தாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கடல் கடந்தவர்களுக்கு இது இன்னும் தூரம் போனது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல், கூலிப் பதிவேட்டில் எழுதியதே தென்னாப்பிரிக்கத் தமிழரின் குடும்பப் பெயராயிற்று. முதலியார் ‘மூட்லி’ ஆனார். பிள்ளை ‘ஒய்’யில் முடிந்தார். பிரெஞ்சுக் கையில் அதே பிள்ளை ‘புல்லே’. ரீயூனியன் அரசியல்வாதி ழான்-போல் விராபுல்லேயின் பெயருக்குள் ஒரு வீரப்பிள்ளை இருக்கிறார். பாலக்காட்டிலிருந்து பம்பாய் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் ரயிலேறிய குடும்பங்களோ, சாதிப் பட்டத்தையோ தந்தை பெயரையோ கடைசிப் பெயராக்கிக்கொண்டன. நடிகை வித்யா பாலனின் பாலன் அவருடைய தந்தையின் பெயர்.

வீட்டில் செய்ய வேண்டியது

இந்தத் தேடலுக்குப் பெரிய நூலகம் தேவையில்லை. ஒரு நீளநோட்டு போதும். கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: தேதி, எழுதிய ஊர், எந்த எழுத்தில் இருக்கிறது, உறையில் உள்ள பெயர், உள்ளே உள்ள பெயர், கையெழுத்து, தபால் முத்திரை. பெயரைத் திருத்தாமல், புள்ளி இல்லையென்றால் புள்ளி இல்லாமலே எழுத வேண்டும். அடுத்து, அதே ஆண்டுகளின் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், செக்ரோல் சீட்டு, கோயில் வரிச் சீட்டு ஆகியவற்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும், பெயர் மாறிய ஆண்டும் அதை மாற்றிய அலுவலகமும் தாமாகத் தெரியும். பெரும்பாலும் அது ஒரு பள்ளிச் சேர்க்கையாகவோ வேலைக்குச் சேர்ந்த நாளாகவோ பாஸ்போர்ட் விண்ணப்பமாகவோ இருக்கும்.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு மட்டும் வரக்கூடாது. தாத்தாவின் எழுத்துக்கூட்டல் ‘அசல்’, அப்பாவுடையது ‘பிழை’ என்று தீர்ப்புச் சொல்லி, குடும்ப மரத்தில் எல்லாரையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி எழுதுகிறார்கள் சிலர். அப்படி எழுதினால், அப்பா மலையாளப் பள்ளியில் படித்தார், பெரியப்பா தோட்டத்து ஆபீசில் சேர்ந்தார், அத்தை எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டாள் என்பதையெல்லாம் காட்டும் ஒரே சான்றும் அழிந்துபோகும்.

ஆகவே, பழைய வீட்டை இடித்துக் கட்டும் முன்பு பரணைப் பாருங்கள். கம்பியோடு கடிதம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். துருப்பிடித்த கம்பியைக் கார்டு கிழியாமல் ஓரத்தில் நறுக்கி எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உறை மூன்றையும் படம் பிடியுங்கள். தமிழும் மலையாளமும் கலந்து எழுதியதைப் படித்துச் சொல்லக்கூடிய பாட்டியோ பெரியப்பாவோ வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்காருங்கள். அம்பி யார், கிட்டு யார் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.